மூக்கும் முழியும் இல்லாத இரும்பு மனிதர்கள்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்கு வடக்கே கிராஸ்பி என்றொரு கடற்கரை. அங்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு 100 இரும்பு மனிதர்கள், ஆளுயரத்தில், ஒட்டுத்துணி இல்லாமல், கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் 650 கிலோ. ஓதம் ஏறும்போது பலர் தலை முழுகிப் போகிறார்கள். வற்றியதும் திரும்பத் தெரிகிறார்கள். உடம்பெல்லாம் துரு, முழங்காலுக்குக் கீழே பாசியும் கொட்டலசும். 1997இல் ஜெர்மனியின் கடலோரத்தில் முதலில் நின்றவர்கள் 2005இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். செய்தவர் ஆன்டனி கோர்ம்லி, 1950இல் லண்டனில் பிறந்த சிற்பி. ‘வேறோர் இடம்’ என்பது இந்தப் படைப்புக்கு அவர் வைத்த பெயர்.

இவர்களின் படத்தைக் கும்பகோணம் பக்கம் யாரிடம் காட்டினாலும், “என்னங்க இது, மூக்கும் முழியும் இல்லாம மொழுக்குன்னு நிக்குது?” என்றுதான் பேச்சு தொடங்கும். நியாயம்தான். டெல்டாக்காரர்களின் கண் உற்சவ மூர்த்திகளைப் பார்த்தே வளர்ந்த கண். சுவாமி புறப்பாட்டில் இருபதடி தள்ளி நின்றாலும், இது சோமாஸ்கந்தர், இது பிட்சாடனர் என்று சொல்லிவிடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே இந்த இரும்பு ஆட்களையும் பார்த்துவிடலாம். தனியாக நவீனக் கலைப் பாடம் எதுவும் படிக்க வேண்டாம். எந்த உலோக உருவத்தின் முன்னால் நின்றாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த உடம்புக்கு அளவு எங்கிருந்து வந்தது?

ஓலையில் மடித்த அளவு

கோயில் சிலை வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலையிலிருந்தே ஆரம்பிப்போம். ஸ்தபதி மெழுகில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தென்னை ஓலைக் கீற்றை எடுப்பார். சிலை எவ்வளவு உயரம் வரவேண்டுமோ அந்த நீளத்துக்கு நறுக்கி, கணக்குப்படி மடித்துக்கொண்டே போவார். ஒடியோலை என்பார்கள். முகம் எங்கே முடிகிறது, மார்பு எங்கே, தொப்புள் எங்கே, முழங்கால் எங்கே என்பதெல்லாம் அந்த மடிப்புகளுக்குள் அடங்கிவிடும். ஆறு அங்குலச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் மடிப்பு முறை ஒன்றுதான், ஓலை நீளம்தான் வேறு.

இந்தக் கணக்குக்குத் தாலமானம் என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாலம். தாலத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இருக்கும் இன்ச் இல்லை. அந்தந்தச் சிலையின் உயரத்தைப் பகுத்தால் கிடைக்கும் கூறு அது. சிவன், விஷ்ணு என்றால் உத்தம தசதாலம், 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும். யாரைச் செய்கிறோம் என்பது முடிவானதுமே உடம்பின் அளவும் முடிவாகிவிடுகிறது. எதிரில் ஆள் யாரும் நிற்க வேண்டியதில்லை.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பத்து முகம் சேர்ந்தால் ஓர் உடம்பு என்ற கணக்கு நமக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். முன்நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை அளந்து பத்தால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் உயரத்தை ஒட்டித்தான் வரும். அப்படியானால் நடராஜர் ஏன் நம் தெருக்காரர் மாதிரி இல்லை? நீளம் காரணமில்லை, வடிவம்தான் காரணம். தொடைக்கு வாழை மரம், முழங்காலுக்கு நண்டு ஓடு, மோவாய்க்கு மாங்கொட்டை, கழுத்துக்குச் சங்கு, தோளிலிருந்து இறங்கும் கைக்கு யானைத் துதிக்கை என்று சிற்ப மரபு உவமை வகுத்து வைத்திருக்கிறது. எல்லாம் வயலிலும் தோப்பிலும் ஆற்றங்கரையிலும் கிடைப்பவை. தசை முறுக்கு, புடைத்த நரம்பு, விலா எலும்பு எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே சோழர் காலச் செப்புத் திருமேனியை ‘அப்படியே உயிரோடு இருக்கிற ஆள் மாதிரி’ என்று புகழ்வது தவறான புகழ்ச்சி. அது எந்த ஆள் மாதிரியும் இல்லை என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது.

மெழுகில் உருவம் முடிந்ததும் அதன் மேல் காவிரி வண்டலை மாவாகச் சலித்துக் குழைத்துப் பூசுவார்கள். இந்த வண்டல் இல்லையென்றால் சுவாமிமலை இல்லை. அவ்வளவு நைசான மண் என்பதால்தான் மெழுகில் கீறிய நகைவேலை, விரல் ரேகை முதற்கொண்டு மண்ணில் பதிகிறது. நிழலில் காய வைத்து, மேலே மணல் கலந்த வயல் மண்ணை இன்னும் தடிமனாகப் பூசி, கம்பி கட்டி, வறட்டியை அடுக்கிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடம் காலி. அந்தக் காலியிடத்தில்தான் செம்பும் பித்தளையும் ஈயமும் கலந்து உருக்கிய குழம்பு போய் நிரம்புகிறது. ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. உடைத்த மண் திரும்ப உதவாது, அதனால் ஒரு கருவுக்கு, அதாவது ஒரு மண் அச்சுக்கு, ஒரு சிலைதான். உலோகம் ஊற்றிய வழிகள் தண்டு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அறுத்து, அரத்தால் ராவி, உளியால் செதுக்கி, கடைசியில் கண் திறப்பார்கள். வழிபாட்டுச் சிலை என்றால் உள்ளே பொள்ளல் கூடாது, முழுக்க உலோகம் நிரம்பிய கன வார்ப்பாக இருக்க வேண்டும் என்பது முறை.

நிரம்பிய உடம்பு என்ற இந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ம்லி தொடங்குவது இதற்கு நேர் எதிர் முனையில்.

உடம்பிலேயே எடுத்த அளவு

அளவு எடுக்க கோர்ம்லி யாரையும் தேடிப் போகவில்லை. தன் உடம்பையே அச்சாக வைத்துக்கொண்டார். மெல்லிய பிளாஸ்டிக் தாளை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு, நினைத்த நிலையில் அசையாமல் நிற்பார், அல்லது குத்துக்காலிட்டு உட்காருவார், படுப்பார். பிளாஸ்டர் கரைசலில் தோய்த்த துணிக் கீற்றுகளை அவர் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஆரம்ப நாட்களில் இந்த வேலையைச் செய்தவர் அவர் மனைவியும் ஓவியருமான விக்கென் பார்சன்ஸ். முகத்தையும் விடுவதில்லை, மூச்சுக்கு மட்டும் ஒரு துவாரம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். அது இறுகி முடியும் வரை ஆழமாக மூச்சு இழுத்தால் மார்புப் பகுதி விரிசல் விட்டுவிடும். இறுகியதும் வெட்டி இரண்டு பாதியாகக் கழற்றி, ஆளை வெளியே எடுத்து, பாதிகளைத் திரும்ப ஒட்டினால் மனித வடிவில் ஒரு கூடு கிடைக்கும்.

1980களில் அவர் செய்தது இதுதான்: அந்தக் கூட்டை ஃபைபர் கிளாஸ் கொண்டு கெட்டிப்படுத்தி, அதன் மேல் ஈயத் தகட்டை வைத்துத் தட்டித் தட்டிப் படிய வைத்து, ஓரங்களைப் பற்றவைத்துவிடுவார். பற்றவைத்த தழும்புகள் குறுக்கிலும் நெடுக்கிலும் கோடு போட்டது போல ஓடும். அவை தோள்மூட்டு, முழங்கால் என்று உடம்பின் இணைப்புகளை மதிப்பதில்லை, நேராகப் போகும். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு.

கோயிலில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோள் இருக்கிறது, மார்பு இருக்கிறது, உள்ளே சுவாமி இல்லை. கோர்ம்லியின் ஈய மனிதன் ஏறக்குறைய அதுதான். ஒரு குறிப்பிட்ட உடம்பு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கூடு சாட்சி.

இப்போது மூக்கும் முழியும் எங்கே போயின என்பது விளங்கும். தோலுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பல அடுக்குத் துணி, அதற்கும் மேலே தகடு. இத்தனைக்கு வெளியே முகத்தின் மேடு பள்ளம்தான் வரும், முகச்சாடை வராது. வேண்டுமென்றால் பிறகு செதுக்கிச் சேர்த்திருக்கலாம். அவர் சேர்க்கவில்லை. காரணம் உண்டு. 1971 முதல் 1974 வரை கோர்ம்லி இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தார், விபாசனை என்ற பௌத்த தியானம் கற்றார். உடம்புக்குள் இருக்கும் இருட்டைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவதுண்டு. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது நமக்கு நம் மூக்கு தெரியாது, நம் முகம் எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் உடம்பு இருப்பது தெரியும். அந்த உடம்பைத்தான் அவர் செய்ய முயல்கிறார். வெளியிலிருந்து யாராவது பார்க்கும் உடம்பு அவருடைய அக்கறை இல்லை.

இதில் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. 1877இல் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் ‘வெண்கல யுகம்’ என்ற ஆளுயரச் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, இவர் உயிரோடு இருக்கும் ஆளின் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள். அவர் எடுக்கவில்லை. கையால்தான் வனைந்தார் என்று நிரூபிக்கப் பெரும் பாடுபட வேண்டியிருந்தது. ஆள் மேல் அச்சு எடுப்பது அந்தக் காலத்தில் காப்பி அடிப்பதற்குச் சமம். நூறு வருடம் கழித்து கோர்ம்லி அதையே வெளிப்படையாகச் செய்தார், தன் உடம்பிலேயே.

கிராஸ்பி மனிதர்கள் ஈயக் கூடுகள் இல்லை. அதே உடம்பச்சு முறையில் எடுத்த 17 அச்சுகளிலிருந்து வார்த்த இரும்பு, உள்ளே நிரம்பிய வார்ப்பு. நம் கன வார்ப்புக்கு அவர் நெருங்கி வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம், அதைக் கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும்: ஸ்தபதி அறுத்து ராவி மறைத்துவிடுகிற வார்ப்புத் தண்டின் அடித்தழும்பு இந்த உடம்புகளில் அப்படியே துருத்திக்கொண்டிருக்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடும் தெரியும். உலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறார். நம் பட்டறையில் இது பாதியில் விட்ட வேலை. அவருடைய பட்டறையில் முடிந்த வேலை.

துருவையும் அப்படித்தான் விட்டிருக்கிறார். இந்த இடத்தில் நாம் அதிகம் அலட்டிக்கொள்ளக் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் பாலும் சந்தனமும் விபூதியும் தேய்த்து அபிஷேகம் கண்ட திருமேனிகளில் கண்ணும் மூக்கும் மழுங்கிப் போனவை டெல்டாக் கோயில்களில் உண்டு. மூக்கு முழி போய்விட்டது என்று யாரும் அங்கே கும்பிடாமல் திரும்புவதில்லை. கிராஸ்பியில் அபிஷேகம் செய்வது உப்புத் தண்ணீர்.

கோர்ம்லியின் பெயர் பலருக்கும் தெரிவது 1998இல் கேட்ஸ்ஹெட் நகரத்துக்கு வெளியே, பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மேட்டில் நிறுத்திய ‘வடக்கின் தேவதை’யால். 20 மீட்டர் உயரம், இறக்கை நுனிக்கு நுனி 54 மீட்டர், 200 டன். தாமிரம் கலந்த எஃகு என்பதால் மேல் துருவே கீழே உள்ள உலோகத்தைக் காக்கும். அந்தப் பெரிய உருவத்துக்கும் ஆதாரம் அவருடைய உடம்பச்சுதான். விலா எலும்பு போன்ற எஃகுப் பட்டைகளை உடம்புக்கு வெளியே ஓட விட்டிருக்கிறார்கள், காற்றின் விசை அவை வழியாக அடித்தளத்துக்கு இறங்கிவிடும். ஒப்பிட நமக்கும் ஒன்று இருக்கிறது: 2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் நிறுத்திய 27 அடி நடராஜர், சுமார் 18 டன், சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் செய்தது. ஒன்றின் அளவு பெரிதாக்கிய தனிமனித உடம்பு, மற்றொன்றின் அளவு நீளமான ஓலை.

தேவதைக்குப் பிறகு கோர்ம்லி கணினி ஸ்கேன், எஃகுக் கட்டைகள், கம்பிப் பின்னல் என்று போய்விட்டார். அவற்றில் சிலது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மனித உடம்பைக் கட்டட பிளாக் மாதிரி அடுக்குவதில் புத்தி தெரிகிறது, மூச்சு தெரியவில்லை.

அளவு வேறு இடங்களிலிருந்தும் வரும்

ஓலை, சொந்த உடம்பு என்று இரண்டு இடம் பார்த்தோம். மூன்றாவது, தூரம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஆல்பெர்ட்டோ ஜியகொமெட்டி (1901–1966) செய்த வெண்கல மனிதர்கள் குச்சி குச்சியாக இருப்பார்கள், பாதம் மட்டும் பெரிதாக. 1960இல் செய்த ‘நடக்கும் மனிதன்’ 183 செ.மீ. உயரம், நம்மைவிட உயரமானவன், ஆனால் தொடை நம் மணிக்கட்டு அளவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் உருவங்கள் கைமீறிச் சிறுத்துக்கொண்டே போய், தீப்பெட்டிக்குள் வைத்து எடுத்துவரும் அளவுக்கு ஆகியிருந்தன. தெருக்கோடியில் போகும் ஆள் நம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறானோ அவ்வளவுதான் அவனுக்கு உடம்பு என்பது அவர் கணக்கு. களிமண்ணில் விரலால் கிள்ளிய தடம் அத்தனையும் வெண்கலத்தில் அப்படியே இருக்கும்.

நான்காவது, பசி. இதைச் செய்தவர் வங்காளத்தின் சோம்நாத் ஹோர் (1921–2006). 1943 பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவர். அந்தக் காட்சிகள் கடைசி வரை அவரை விடவில்லை. சாந்திநிகேதனில் அவர் வெண்கல வேலைக்கு வந்தபோது, மெழுகை உருண்டையாகத் திரட்டி வனையவில்லை. மெல்லிய தகடாக ஆக்கி, வெட்டி, மடித்து, கிழித்து, அதிலேயே ஆளைப் பிடித்தார். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, விலாவுக்குப் பதில் மடிப்பு. நம் ஸ்தபதிகள் மாதிரியே ஒரு கருவுக்கு ஒரு வார்ப்பு. மெழுகு என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு சுவாமிமலை நிறைவுக்குப் போகிறது, அவர் வெறுமைக்குப் போனார்.

ஒட்டி உலர்ந்த உடம்பு நம் ஊர் உலோகத்துக்குப் புதிது என்று நினைத்துவிட வேண்டாம். காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியைப் பாருங்கள். எலும்பு துருத்தி, மார்பு வற்றி, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். அழகான உடம்பு வேண்டாம், பேய் உரு போதும் என்று அவரே கேட்டு வாங்கியதாகப் புராணம். வாழை மரமும் துதிக்கையும் ஒதுங்கி நிற்க, சோழ நாட்டுச் சிற்பி எலும்பைக் காட்டிய இடம் அது. ஜியகொமெட்டியைப் பார்த்து மிரளும் ஒருவரை நான் முதலில் அம்மையாரிடம்தான் அனுப்புவேன்.

ஐந்தாவது, பொருள். சென்னைச் சிற்பி ஜானகிராம் (1930–1995) வார்ப்பே வேண்டாமென்று செம்புத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பி, கம்பிகளைப் பற்றவைத்துக் கண்ணும் நகையும் வரைந்தார். தகடு எவ்வளவு வளையுமோ அவ்வளவுதான் உடம்பு. பெரும்பாலும் முன்பக்கத்துக்காகவே செய்தவை. தரிசனம் போல எதிரே நின்று பார்க்க வேண்டும். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து மயிலும் மனிதரும் கொடியும் ஒன்றோடொன்று பின்னிய உருவங்கள் செய்தார். ஸ்தபதி குடும்பத்தில் பிறந்த வித்யாசங்கர் ஸ்தபதியும் தகட்டின் பக்கம் வந்தவர். தாலக் கணக்கு தெரிந்தே அதைத் தள்ளி வைத்த கை அது. தெரியாமல் தள்ளுவதற்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் தெரியும்.

பார்த்துப் பழக

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். பக்கத்தில் இருக்கும் தேவி ஒரு வருடம் இளையவர். ரிஷபவாகனரின் வலது கை காற்றில் சாய்ந்திருக்கும். அந்தக் கைக்குக் கீழே நிற்க வேண்டிய ரிஷபம் இப்போது இல்லை. ஆனால் மணிக்கட்டு தொங்கும் தளர்ச்சியிலும், சாய்ந்த இடுப்பிலும், குறுக்கே போட்ட காலிலும் காளையின் உயரம், ஏன், அதன் முதுகுச் சரிவு கூடத் தெரிகிறது. இல்லாத ஒன்றை உடம்பு சொல்லிக்கொடுக்கிறது. கோர்ம்லியின் கூடு செய்ய முயல்வதும் இந்த வகை வேலைதான். இங்கே காளை தொலைந்து போனதால் தற்செயலாக நேர்ந்தது, அங்கே வேண்டுமென்றே. பிறகு பின்பக்கம் சுற்றிப் போங்கள். முதுகு, சடை, துணி மடிப்பு எல்லாம் முன்பக்கத்துக்குக் குறையாத வேலை. ஊர்வலத்தில் சுவாமி நம்மைத் தாண்டிப் போனதும் நாம் பார்ப்பது முதுகைத்தான் என்பது வார்த்தவருக்குத் தெரியும்.

சென்னை போகும்போது மெரினாவில் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையும் இருக்கிறது, 1959இல் வைத்தது. பாறையைப் புரட்டும் நான்கு பேர். அங்கே அளவு தசையிலிருந்து வந்தது. முதுகையும் கெண்டைக்காலையும் பார்த்தாலே பாறையின் எடை தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பேருந்துச் செலவு கூடக் கிடையாது. டெல்டாவில் நாம் அன்றாடம் பார்க்கும் மனித உருவச் சிலைகள் ரவுண்டானாக்களில் நிற்கும் தலைவர்கள்தான். சிலது வெண்கலம், பலது சிமெண்டுக்கு மேல் பொன்வண்ணப் பெயின்ட். நம் கேள்வியை அவர்களிடமும் கேட்கலாம்: அளவு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு போட்டோவிலிருந்து. அதனால் முகம் ஓரளவு வந்திருக்கும், நீட்டிய கை வந்திருக்கும், சட்டைப் பையில் பேனாவும் தவறாமல் இருக்கும். பின்னால் போய்ப் பாருங்கள். தோளிலிருந்து வேட்டி வரை ஒரே வழுவழுப்பாக இறங்கியிருக்கும், போட்டோ எடுத்தவர் அந்தப் பக்கம் போகவில்லை.